உள்ளுக்கை இழுத்த பாட்டு

உங்களிலை ஆரும் அறுபத்தாறு வயதிலை மவுத் ஓர்கன் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறியளோ? நான் போனனான். சிரிக்கிறவை சிரியுங்கோ. எங்கடை வகுப்புக்காரரிலை பாதிப் பேருக்கு இப்ப முழங்கால் நோ, மற்றப் பாதிக்குச் சீனி. எனக்குச் சின்னனிலை பிடிச்ச தொய்வு, இப்ப அஸ்மா எண்டினம், இன்னும் விடேல்லை. நெஞ்சுக் கிளினிக்கிலை மூச்சுப் பயிற்சி சொல்லித்தாற பிள்ளைதான் சொன்னாள்: "அன்ரி, பலூன் ஊதி அலுத்துப் போச்செண்டால் ஒரு மவுத் ஓர்கன் வாங்கி வாசியுங்கோவன். ஊதவும் வேணும், இழுக்கவும் வேணும். நெஞ்சுக்கு நல்லது."

எனக்குப் பக்கெண்டது. நெஞ்சுக்கு நல்லதோ? ஐம்பத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி அந்தச் சாமானாலைதானே என்னை வீட்டை விட்டு அனுப்பினவை! எந்தக் கடையெண்டு கேட்டுக்கொண்டு எழும்பினன். அடுத்த ஆள் வாங்கிலை இருந்து இருமிக்கொண்டிருந்தது.

கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ரெலிபோன் கவர் தூக்கி விட்டிருக்கிற கடையளுக்கு நடுவிலை. கடைக்காரருக்கு ஒரு நாப்பது வயது மதிக்கலாம், தாடி வைச்சவர். மேசையிலை ஒரு கீபோட்.

"மவுத் ஓர்கன் இருக்கோ தம்பி?"

"எது அன்ரி, பெரிசோ சின்னனோ? சின்னனெண்டால் எந்த எழுத்து?"

கண்ணாடிக்குள்ளை ஒரே அளவிலை ஏழெட்டுப் பெட்டி. ஒவ்வொண்டிலையும் ஒவ்வொரு இங்கிலிஸ் எழுத்து. ஒண்டைத் திறந்து காட்டினார். அந்தக் காலத்திலை என்ரை கையிலை இருந்தது அப்பிடியே இதுதான். பத்து ஓட்டை, மேல்தகட்டு ஓரத்திலை பிறை மாதிரி ஒரு எழுத்து. அது எழுத்தில்லை, பிறைதான் எண்டு பதினொரு வயதிலை நான் ஆரோடையும் சண்டை பிடிச்சிருப்பன்.

"இருங்கோ அன்ரி," எண்டு கதிரையை இழுத்துப் போட்டார். என்ரை முகத்தைப் பாத்துப் பயந்திருப்பார் போலை. அந்த மனிசன் சொன்ன விசயத்துக்கு நான் பிறகு வாறன். முதல் அந்த மாரியைச் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு ஒண்டும் விளங்காது.

எங்கடை வீடு குருநகரிலை. அப்பா சுழியோடி. சங்குக்கும் கடலட்டைக்கும் போறவர். மாரியிலை கடல் கலங்கிப் போனால் அடி தெரியாது, சுழியோட ஏலாது. அதாலை காத்திகை தொடக்கம் யேசு பாலன் பிறந்த நத்தார் வரைக்கும் அப்பா வீட்டிலை நிப்பார். வள்ளத்தைக் கரையிலை ஏத்திக் கவிட்டுப் போட்டு, தேத்தண்ணியும் சுருட்டுமா மழையைப் பாத்துக்கொண்டிருப்பார். எங்கடை ஆக்கள் ஒரு மனிசனை அளக்கிறது மூச்சாலை. "அவன் நல்ல மூச்சுக்காரன்" எண்டால் அதுக்கு மேலை ஒரு நற்சான்றும் தேவையில்லை. அப்பிடிப்பட்ட வீட்டிலை தொய்வுக்காரியா நான் வந்து பிறந்தன். என்ன தலையெழுத்தோ!

அம்மாவின்ரை தமையன், எங்கடை மாமா, சங்கு குளிக்கப் போய்ச் செத்தவர். "மேலை வர முந்தி மூச்சை இழுத்திட்டான்" எண்டு வள்ளத்திலை நிண்ட ஆக்கள் வந்து சொன்னதை அம்மா மறக்கேல்லை. அதுக்குப் பிறகு அம்மாவுக்கு வெளியிலை விடுற மூச்சு உயிர், உள்ளுக்கை இழுக்கிற மூச்சு ஆபத்து. நாங்கள் ஆரும் பயந்து "ஹா" எண்டு மூச்சை இழுத்தாலே குசினிக்குள்ளை இருந்து "இழுக்காதை! இழுக்காதை!" எண்டு குரல் வரும்.

எனக்குத் தொய்வு தொடங்கினால் அம்மா என்னைக் குப்புறப் படுக்க வைச்சு, முதுகிலை உள்ளங்கையை வைப்பா. பிறகு கையை எடுத்திட்டுக் காதை வைப்பா. காதிலை போட்டிருந்த சின்னத் தோடு முதுகிலை குளிரும். நான் அசையாமல் கிடப்பன். நெஞ்சு விசிலடிச்சு, "முட்டுது" எண்டால் அவ்வளவுதான். ஆடாதோடை அவியும், கற்பூரம் போட்ட எண்ணெய் காயும், பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டில்லை. "முட்டேல்லை" எண்டால் எழும்பி ஓடலாம். எண்டைக்கும் அந்த ரெண்டு சொல்லிலை எது வருமெண்டு காத்துக் கிடந்ததுதான் என்ரை சின்ன வயது.

அந்த மாரியிலைதான் சித்தப்பா வந்தார். அப்பாவின்ரை தம்பி, கப்பலிலை வேலை. பெட்டியைத் திறந்தால் சவுக்கார வாசமும் ஏதோ எண்ணெய் வாசமும் சேந்து வரும். அண்ணைக்கும் எனக்குமெண்டு ரெண்டு மவுத் ஓர்கன் கொண்டு வந்தவர். மேசையிலை வைச்சு, "ஆருக்கு எது வேணுமோ எடுங்கோ" எண்டார்.

ஒண்டு பெரிசு. ரெண்டு வரிசை ஓட்டை, பளபளவெண்டு பூப்போட்ட தகடு. மற்றது சின்னன். அண்ணைக்குப் பதினாலு வயது, கை நீளம். பெரிசை எடுத்து ஒரு ஊது ஊதினான். சத்தம் நடுங்கி நடுங்கி வந்தது, வெத்துப் பேணிக்குள்ளை கதைச்ச மாதிரி. எல்லாரும் "ஆகா" எண்டவை. பிறகு என்ரை சின்னனை வாங்கி, கீழை இருந்து மேலை ஒவ்வொண்டா ஊதி இழுத்துப் பாத்தான்.

"இது பழுது சித்தப்பா. அடியிலை ரெண்டு சுரம் இல்லை. மூண்டாவதுக்குப் பிறகு தாண்டிப் போகுது."

நான் அழத் தொடங்கினன். சித்தப்பா என்னைப் பிடிச்சு மடியிலை இருத்தினார். "பழுதில்லையடி. உதின்ரை அமைப்பே அதுதான். ஒரு துறைமுகத்திலை அமெரிக்காக்காரர் ஒராள், கறுத்த மனிசன், கிழவன், உதைப் போலை ஒண்டை வைச்சு வாசிச்சதைக் கேட்டனான். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கண்ணீர் வந்திட்டுது. ஆனால் அந்த ஆள் ஊதினது கொஞ்சம்தான். முழுக்க உறிஞ்சினான், சாறு குடிக்கிற மாதிரி."

"என்ன கதை கதைக்கிறியள் பிள்ளைக்கு முன்னாலை?" எண்டு அம்மா குசினி வாசலிலை நிண்டு சத்தம் போட்டா. "உறிஞ்சிறதாம்! அவளுக்கு இருக்கிற மூச்சே காணாது."

சித்தப்பா பெட்டியைப் பூட்டினார். ஒரு கிழமையிலை திரும்பக் கப்பலுக்குப் போட்டார். அந்தக் கறுத்த மனிசனைப் பற்றி வேறை ஏதும் கேக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை.

அந்த மாதம் எனக்குத் தொய்வு மூண்டு தரம் வந்தது. அப்போதிக்கரி ஐயா என்ரை நெஞ்சிலை குழாயை வைச்சுப் பாத்திட்டு, "கடற்காத்து இவளுக்கு ஒத்துவராது. கடலுக்குத் தள்ளி ஆரும் சொந்தக்காரர் இருந்தால் விடுங்கோ" எண்டிட்டார். அப்பாவின்ரை தமக்கை, எங்கடை மாமி, வட்டுக்கோட்டையிலை பள்ளிக்கூடம் படிப்பிச்சவ. பிள்ளையள் இல்லை. அம்மாவுக்கு அந்த நிமிசமே முடிவு. நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாயிலை கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன், நித்திரை எண்டு நினைச்சுக் கதைச்சவை. பகல் ரெண்டு மணி, மழை பெய்தது.

"தை பிறக்க மாமியிட்டை விடுவம்," எண்டா அம்மா.

"குஞ்சை எப்பிடி விடுறது?" எண்டார் அப்பா.

"கையாலை மண் போட ஏலாது எனக்கு. ஒருத்தனுக்குப் போட்டது காணும்."

அப்பா சுருட்டை அணைச்சார். பிறகு எங்கடை ஆக்கள் மட்டும் வைக்கக்கூடிய ஒரு சோதினையை வைச்சார். "நத்தாருக்குக் கோயில் மண்டபத்திலை பிள்ளையள் மவுத் ஓர்கன் வாசிக்கினம்தானே. இவள் ஒரு அடி, நாலு வரி, தனிய ஊதட்டும். நான் எண்ணிக்கொண்டு நிப்பன். முட்டாமல் முடிச்சாளெண்டால் வீட்டிலையே நிக்கட்டும். முட்டினால் நீ சொல்லுற மாதிரி."

கடலுக்குள்ளை ஆள் இறங்கினால் மேலை நிக்கிறவர் எண்ணிக்கொண்டு நிக்கிறது வழக்கம். அப்பா அதைத்தான் நினைச்சார். அந்த மனிசனுக்கு வேறை அளவுகோல் தெரியாது, பாவம். அம்மாவும் சம்மதிச்சா. அடுத்த நாளே பாட்டு மாஸ்ரரிட்டைப் போய், "என்ரை பிள்ளைக்குத் தனிய ஒரு அடி குடுங்கோ" எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா. நான் பாயிலை கிடந்து அம்மா நத்தார் அண்டைக்குச் சொல்லப்போறதை எனக்குள்ளை சொல்லிச் சொல்லிப் பாத்தன்: முட்டேல்லை, நீ இஞ்சையே நில்லு. முட்டேல்லை, நீ இஞ்சையே நில்லு.

மண்டபத்திலை பாட்டுப் பழக்கம் தொடங்கினது. எங்கடை பாட்டு மாஸ்ரர் நல்ல மனிசன்தான், ஆனால் எந்தப் பாட்டெண்டாலும் ஆர்மோனியத்தை ஒரு கட்டைச் சுதியிலை, முதலாம் கட்டையிலை, வைச்சுத்தான் வாசிப்பார். அண்ணையும் வேறை ரெண்டு பேரும் பெரிய மவுத் ஓர்கன். நான் மட்டும் சின்னன். ஒரு கட்டையிலை அந்த நத்தார்ப் பாட்டை வாசிக்கிறதெண்டால் எல்லாம் ஊதிறதுதான். ஊது, ஊது, திரும்பவும் ஊது. உங்களிலை தொய்வுக்காரர் இருந்தால் தெரியும், எங்களுக்கு மூச்சு உள்ளுக்கை போறது போகும், வெளியிலை வாறதுதான் வராது. ரெண்டாம் வரியிலை நெஞ்சு இறுகும். மூண்டாம் வரியிலை கண்ணுக்கு முன்னாலை பூச்சி பறக்கும்.

அதாலை நான் ஒரு கள்ளம் செய்தன். எல்லாரும் ஊதேக்கை நானும் வாயிலை வைச்சுத் தலையை ஆட்டுவன், ஊதமாட்டன். மூண்டு பேரின்ரை சத்தத்துக்குள்ளை ஆருக்குத் தெரியப்போகுது? "உன்ரை தனி அடியைப் பிறகு பாப்பம், சின்னப் பிள்ளைக்குக் கனக்கப் பழக்கினால் களைச்சுப் போவாய்" எண்டு மாஸ்ரரும் விட்டிட்டார். ஒவ்வொரு நாளும் வீட்டை வந்தால் சோறு இறங்காது. நத்தாருக்குப் பதினெட்டு நாள் கிடக்கு, பதினேழு நாள் கிடக்கு எண்டு ஒரே பதகளிப்பு.

கரையிலை கவிட்டிருந்த வள்ளத்துக்குக் கீழை ஒரு பக்கத்தாலை நுழைஞ்சு போகலாம். உள்ளுக்கை காய்ஞ்ச மணல், தார் மணம், பலகை இடுக்காலை கொஞ்ச வெளிச்சம். அங்கை போயிருந்துதான் நான் தனியப் பழகினன். ஒருநாள் ஊதி ஊதி ஏலாமல் அழுது, மவுத் ஓர்கனை வாயிலை வைச்சபடியே மூச்சை இழுத்தன். சத்தம் வந்தது. ஊதேக்கை வாற சத்தமில்லை. ஆரோ விம்மின மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பயமாப் போச்சு. திரும்பவும் இழுத்தன்.

ரெண்டாவது ஓட்டையை இழுத்துத் தொடங்கினால் பாட்டு அங்கையே வந்து இருந்தது. ஊதிறது இடைக்கிடை கொஞ்சம், மிச்சமெல்லாம் இழுக்கிறது. அண்ணை இல்லையெண்டு சொன்ன அந்த ரெண்டு சுரமும் அங்கைதான் கிடந்தது. இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னாலை வாங்கி வாயைக் குழிச்சால் சுரம் மெல்லச் சரிஞ்சு இறங்கும். இறங்கேக்கை இல்லாத சுரம் வந்து நிக்கும். நெஞ்சு இறுகேல்லை. நாலு வரியையும் வாசிச்சு முடிச்சிட்டு, என்ரை முதுகை நானே தொட்டுப் பாத்தன். முட்டேல்லை! அண்டைக்கு ரெண்டு தரம் சோறு வாங்கித் திண்டன்.

அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் வள்ளத்துக்குக் கீழை இருத்தி வாசிச்சுக் காட்டினன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு தன்ரையை எடுத்துச் சேந்து ஊதினான். ரெண்டும் சேரேல்லை, ரெண்டு பூனை கடிபட்ட மாதிரிக் கிடந்தது.

"பாட்டு அதுதான்," எண்டான். "ஆனால் நீ வேறை எங்கையோ நிக்கிறாய். மாஸ்ரரின்ரை ஆர்மோனியத்தோடை இது அடிபடும். என்ரையைக் கொண்டு போய் ஊது. அது சரியான இடத்திலை நிக்கும்."

நல்ல பெடியன் எங்கடை அண்ணை. தன்ரை பெரிசை அவன் வேறை ஒருத்தருக்கும் தொடக் குடுக்கமாட்டான். வாங்கி ஊதிப் பாத்தன். அதுக்கு ரெண்டு மடங்கு மூச்சு வேணும். முதலாம் வரியிலையே முட்டிச்சுது. ஆக, என்ரை தெரிவு அதுதான். பெரிசை எடுத்தால் சுரம் சரி, மூச்சுக் காணாது. சின்னனை எடுத்தால் மூச்சுக் காணும், சுரம் வேறை இடத்திலை. நான் சின்னனை எடுத்தன். அம்மா பாக்கப்போறது மூச்சைத்தானே, சுரத்தை இல்லையே எண்டு பதினொரு வயது மூளை யோசிச்சது. அந்த யோசினையிலை இப்பவும் நான் பிழை காணேல்லை.

நத்தார் அண்டு கோயில் மண்டபம் நிறைஞ்ச சனம். புதுச்சட்டை மணம், மழையிலை நனைஞ்ச குடையள், பாலன் குடிலிலை கட்டின கடதாசி நட்சத்திரம். அம்மா முன் வாங்கிலை, முக்காட்டைப் பிடிச்சபடி. அப்பா பின்னாலை தூணோடை, எண்ணிறதுக்கு விரலை மடிச்சு வைச்சுக்கொண்டு. எல்லாரும் சேந்து வாசிச்சு முடிய மாஸ்ரர் எனக்குத் தலையை ஆட்டினார். மவுத் ஓர்கனை வாயிலை வைச்சு, ரெண்டாவது ஓட்டையைத் தேடிப் பிடிச்சன்.

இழுத்தன்.

ஆர்மோனியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சபையிலை ஆரோ சிரிச்சது கேட்டது. மாஸ்ரரின்ரை முகம் சிவந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தன். ரெண்டாம் வரி. நெஞ்சு லேசாக் கிடந்தது. மூண்டாம் வரி. இன்னும் ஒரு வரி, முடிஞ்சுது எண்டு நினைச்சுக் கண்ணைத் திறக்க, மாஸ்ரர் கையை உயர்த்தி "நிப்பாட்டு" எண்டு காட்டினார். சொல்லுக்கேட்ட பிள்ளை, நிப்பாட்டினன்.

அம்மாவுக்கு மாஸ்ரரின்ரை கை தெரியேல்லை, அவர் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவர். அம்மாவுக்குத் தெரிஞ்சது என்ரை தோள். ஒவ்வொரு சுரத்துக்கும் மேலை போய் மேலை போய், நான் மூச்சை இழுக்க இழுக்க, அவவுக்குத் தெரிஞ்சது தண்ணிக்குள்ளை நிண்ட தமையன். நான் நிப்பாட்டவும் அவ பாஞ்சு வரவும் சரி.

"போதும்! விடுங்கோ என்ரை பிள்ளையை!"

"அம்மா, எனக்கு முட்டேல்லை அம்மா," எண்டு சொல்ல வாய் எடுத்தன். சனம் முழுக்கப் பாக்குது. வெக்கமும் அழுகையும் சேந்து வந்தது. அழுதால் எனக்குத் தொய்வு வரும். வந்தது. அம்மா முதுகிலை கையை வைச்சா. அந்த நேரம் பாத்து நெஞ்சு விசிலடிச்சது.

"முட்டுது," எண்டா.

தூணோடை நிண்ட அப்பா விரலை விரிச்சார். எண்ணிறது முடிஞ்சுது. தை பிறக்க என்னை மாமி வீட்டிலை கொண்டு போய் விட்டினம். என்ரை மவுத் ஓர்கனை அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சு, காணிக்கைப் பெட்டியடியிலை வைச்சிட்டா, பிள்ளைக்கு மூச்சு வரவேணுமெண்டு. அதை ஆர் எடுத்தினமோ, எங்கை போச்சோ தெரியாது.

மாமி என்னைக் குறை விடேல்லை. படிப்பிச்சா, உத்தியோகம் எடுக்க வைச்சா, கலியாணமும் அங்கைதான். ஆனால் ஒண்டு சொல்லவேணும். வட்டுக்கோட்டையிலை வயலிலை நெல்லுச் சூடு மிதிக்கிற காலம் வந்தால் வைக்கோல் தூசுக்கு எனக்குத் தொய்வு குருநகரை விட ரெண்டு மடங்கு வந்தது. மாமி அதை அம்மாவுக்கு எழுதேல்லை. எழுதினால் கூட்டிக்கொண்டு போயிடுவினம் எண்டு அவவுக்குப் பயம். நானும் சொல்லேல்லை. ஆருக்குச் சொல்லுறது, கேட்டவையோ? முதலாம் வருச லீவுக்கு வீட்டை போனன். அம்மா அலுமாரியைத் திறந்து, விருந்தாளியளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையிலை எனக்குத் தேத்தண்ணி தந்தா. வீட்டாக்கள் குடிக்கிற தகரப் பேணியளோடை என்ரை பேணியும் கொக்கியிலைதான் தொங்கினது. அந்தக் கோப்பையைக் கையிலை வாங்கேக்கைதான் எனக்கு விளங்கினது, நான் இனி இந்த வீட்டுப் பிள்ளை இல்லையெண்டு. எனக்கு அண்டைக்கு வந்த கோவம் இண்டு வரைக்கும் முழுசா ஆறேல்லை. உள்ளதைச் சொல்லுறன்.

இப்ப கடைக்கு வாறன். கடைக்காரர் பெரிசையும் சின்னனையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு விளங்கப்படுத்தினார். பெரிசிலை ஒவ்வொரு சுரத்துக்கும் ரெண்டு பித்தளை நாக்கு. ஒண்டை மற்றதை விட ஒரு சொட்டு உயத்தி வைப்பினமாம். ரெண்டும் சரியா ஒத்துப்போகாததாலைதான் அந்த நடுக்கம். சின்னனிலை ஒரு நாக்குத்தான், அதாலை அதை வளைக்கலாம், இறக்கலாம். எழுத்து எண்டது அது எந்தக் கட்டையிலை நிக்குதெண்டதைச் சொல்லும். ஜி எண்டால் தாழ்ந்த குரல், எஃப் எண்டால் கீச்சுக் குரல், சி நடுவாலை. பிறை மாதிரி எழுத்து, சி.

"அதுதான் வேணும்," எண்டன்.

"அதிலையும் ரெண்டு விதம் கிடக்கு அன்ரி." ரெண்டு சியை எடுத்து, மூண்டு ஓட்டையைச் சேத்து ஊதிக் காட்டினார். ஒண்டிலை மூண்டு சுரமும் கரைஞ்சு ஒண்டாப் போச்சு. மற்றதிலை கொஞ்சம் அரிச்சது. "முதல் ஒண்டு தனக்குள்ளை ஒத்துப்போக சுதி சேத்தது. தனிய வாசிக்கத் திறம். மற்றது கீபோட், ஆர்மோனியத்தோடை ஒத்துப்போக சேத்தது. நீங்கள் ஆரோடையும் சேந்து வாசிக்கப் போறியளோ?"

"ஆர்மோனியத்தோடை எனக்கு ஒரு சோலியும் இல்லை தம்பி," எண்டன். முதலாவதைக் கையிலை எடுத்தன். கடையிலை வேறை ஆக்கள் இல்லை. வாயிலை வைச்சு, ரெண்டாவது ஓட்டையை இழுத்தன். ஐம்பத்தைஞ்சு வருசம்! நாக்கு மறக்கேல்லை. முதலாம் வரியை வாசிச்சிட்டு நிப்பாட்டினன்.

அந்த மனிசன் தாடியைத் தடவிக்கொண்டு பாத்தார். "அன்ரி, நீங்கள் உதை எங்கை பழகினனீங்கள்? சியை வைச்சு ஜியிலை வாசிக்கிறியள். அமெரிக்காவிலை புளூஸ் வாசிக்கிற ஆக்கள் இப்பிடித்தான் இழுத்து வாசிப்பினம். திரும்ப வாசியுங்கோ." கீபோட்டைத் தட்டினார். "சி, அதுதான் ஒரு கட்டையிலை போட்டால் அடிபடும். கேளுங்கோ. இப்ப ஜி, அஞ்சு கட்டையிலை போடுறன்."

அஞ்சு கட்டையிலை போட்டார். நான் இழுத்தன். கீபோட் வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தது. சுதியிலை ஒரு மயிரிழை விலகல் இருந்திருக்கும், ஆனால் ஒரு இடத்திலை தன்னும் அடிபடேல்லை. நாலாம் வரியையும் வாசிச்சு முடிச்சன், அண்டைக்கு வாசிக்காத வரி.

அவ்வளவுதான் விசயம். நான் பிழையா வாசிக்கேல்லை. மாஸ்ரர் ஒரு கட்டையிலை இருந்து அஞ்சு கட்டைக்குக் கையை நகத்தியிருந்தால் காணும். அந்த மனிசனுக்கு அது தெரியாது. அதுக்காக நான் ஒரு வாழ்க்கை முழுக்க வேறை வீட்டிலை வளந்தன். கடையிலை இருந்து அழுதன். கடைக்காரர் பயந்து சோடா வாங்க ஓடினார்.

மவுத் ஓர்கனை வாங்கிக்கொண்டு நேரை அம்மாவிட்டைத்தான் போனன். அம்மா குருநகர் வீட்டிலை, அண்ணையின்ரை மகளோடை. அண்ணை இப்ப இல்லை, அப்பாவும் இல்லை. நான் ஞாயிறு தோறும் போய்ப் பாத்திட்டு நாலு மணி பஸ்ஸிலை வட்டுக்கோட்டைக்குத் திரும்பிறது வழக்கம். அண்டைக்கு ஞாயிறு இல்லை. "ஏன் மோளே, என்ன நடந்தது?" எண்டு அந்தரப்பட்டா. எண்பத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம், புத்தி தெளிவு.

வழி முழுக்க மனசுக்குள்ளை கதைச்சுக்கொண்டு வந்ததை எல்லாம் கொட்டவேணுமெண்டுதான் இருந்தன். மவுத் ஓர்கனை எடுத்து மடியிலை வைச்சன்.

"அம்மா, அந்த நத்தாரை ஞாபகம் இருக்கோ? நான் அண்டைக்குச் சரியாத்தான் வாசிச்சனான். மாஸ்ரர்தான் வேறை கட்டையிலை நிண்டவர். அவர் கையைக் காட்டினபடியாலைதான் நிப்பாட்டினனான்."

அம்மா மவுத் ஓர்கனைப் பாத்தா. என்னைப் பாத்தா. கதிரைக் கையைப் பிடிச்சு முன்னுக்குச் சாய்ஞ்சா.

"அப்ப... உனக்கு அண்டைக்கு முட்டேல்லையோ?"

அந்தக் குரலை நான் முந்தி ஒருநாளும் கேக்கேல்லை. தண்ணிக்குள்ளை இருந்து வந்த மாதிரிக் கிடந்தது. "நான் உன்னைச் சும்மாவோ மோளே அனுப்பினனான்?"

கடவுளே, அந்தக் கேள்வியைத்தானே நான் ஐம்பத்தைஞ்சு வருசமா அவவிட்டைக் கேக்க வைச்சிருந்தன். அவவே கேட்டிட்டா. ஓம் எண்டு ஒரு சொல் சொன்னால் காணும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எண்பத்தெட்டு வயதிலை அவ அதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ அம்மா," எண்டன். "முட்டினது. நல்லா முட்டினது. மாஸ்ரர் கையைக் காட்ட முந்தியே எனக்குக் கண் இருண்டு போச்சு. நீங்கள் வந்து பிடிக்காட்டி அதிலையே விழுந்திருப்பன்."

"உண்மையாவோ?"

"அந்தோனியார் ஆணை."

பொய்ச் சத்தியம். பாவசங்கீர்த்தனத்திலை சொல்லவேண்டியதுதான். அம்மா திரும்பக் கதிரையிலை சாய்ஞ்சா. சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி, "இப்ப வாசி பாப்பம். மெல்ல" எண்டா.

நான் அவவுக்குக் கிட்ட நிலத்திலை, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன். இழுத்தன். தோள் மேலை போச்சு. அம்மா "இழுக்காதை" எண்டு சொல்லேல்லை. முதுகிலை கை வந்தது, தோல் சுருங்கின, பாரம் இல்லாத கை. நாலு வரியும் வாசிச்சன். பிறகு காது வந்தது. அந்தத் தோடுதான் இப்பவும். முதுகிலை குளிர்ந்தது. நான் அசையாமல் இருந்தன்.

"முட்டேல்லை," எண்டா அம்மா. "நீ இஞ்சையே நில்லு."

நாலு மணி பஸ் போற நேரம். நான் எழும்பேல்லை. அண்ணையின்ரை மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள், பேணியிலை.